நான் எறும்பு பார்த்த ஆவணி

ஆவணி 4, வெள்ளி

வெயில். மேல்காற்று. கிணற்றடிப் பாத்தியில் தழை மிதிக்க வேண்டிய நாள்.

அசிங்கத்தை முதலில் எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று காலை ஊர்ப் பொட்டலில் உரத்துக்கான கொழிஞ்சித் தழையைத் திருடினேன். வயது நாற்பத்தேழு. பல் இருபத்தாறு. பேரப்பிள்ளை ஒன்று. ஒரு கட்டுத் தழைக்காக நாலு காலில் தவழ்ந்தேன்.

ஊர்க் கட்டுப்பாடு என்னவென்றால், கொழிஞ்சி காய் வெடித்து விதை மண்ணில் கொட்டுகிறவரை பொட்டலில் யாரும் அரிவாள் வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த வருஷம் ஊருக்கே தழை இல்லை. தண்டோரா போட்ட பிறகு எல்லோரும் ஒரே நாளில் அறுப்பது. மீறினவன் கண்மாயில் பத்து வண்டி வண்டல் வெட்டி அடுத்தவன் வயலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். போன வருஷக் கூட்டத்தில் "பத்து வண்டி பத்தாது, இருபது போடணும்" என்று கையை ஆட்டிப் பேசியவன் யார்? அடியேன்.

கட்டு முக்கால்வாசி ஆயிற்று. பின்னால் ஒரு செருமல். அம்பலம். ஊர்த் தலைவர், தடை போட்டவரே அவர்தான். (மீசைக்கு அடுப்புக்கரி தடவுகிறார். ஊருக்கெல்லாம் தெரியும், அவர் வீட்டம்மாவுக்குத் தெரியாது.) துண்டை உதறித் தழைமேல் போட்டு, அரிவாளையும் உள்ளே தள்ளி, அதன்மேலேயே குப்புற விழுந்து தரையை முறைத்தேன்.

"என்னப்பா இது, தலை கீழ, மத்தது மேல?"

"எறும்புங்க."

"எறும்பா?"

"முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டப் பாத்துப் போகுதுங்க. சாரி சாரியா. இந்த மாதிரி நான் பாத்ததே இல்லைங்க."

எறும்பு ஒன்றுகூட இல்லை. செத்த எறும்புகூட இல்லை. ஆனால் அவர் முகம் மாறிப்போனது. "அப்ப எட்டு நாள்ல மழைடா" என்று முணுமுணுத்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். குனிந்து பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பத்து வண்டி வண்டல் என் தலையில்தான்.

தழை தப்பியது. மத்தியானம் கூழ் ஒரு சட்டி அதிகம் குடித்தேன்.

ஆவணி 5, சனி

நேற்றைய கூழ் இன்னும் செரிக்கவில்லை. விடிந்ததும் தண்டோரா. "எறும்பு முட்டை ஏறியாச்சு, திங்கக்கெழமை ஊர் மொத வெதைப்பு, வீட்டுக்கு ஒரு ஆள் கண்டிப்பா வரணும்." இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்து விதைப்பதாகத்தான் பேச்சு இருந்தது.

எங்கள் நிலமெல்லாம் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற நிலம். விதைத்த பிறகு கனமழை வந்தால் பிழைத்தோம். மழையே வராவிட்டாலும் விதை மண்ணுக்குள் தூங்கும், பாதகமில்லை. நடுவில் ஒரு தூறல் வந்து முளையை எழுப்பிவிட்டுப் போய்விட்டால்தான் நாசம். வெளியே தலை நீட்டினதெல்லாம் கருகும். இது பர்மா அரிசி வராத காலம். விதையைத் தொலைத்தவன் வாங்கித் தின்னவும் வழி கிடையாது.

வீட்டுக்காரி: "நெசமா எறும்பு பாத்தீங்களா?"

"பாத்தேன்னுதானே சொன்னேன்."

"என்ன எறும்பு? செவப்பா, கருப்பா?"

"ரெண்டும்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு வைக்கோலில் கட்டிய விதைக்கோட்டையைப் பிரித்து, மூன்று மரக்கால் தனியே எடுத்துப் பானையில் போட்டுச் சாணியால் வாய் மெழுகினாள். முதல் விதைப்பு பொய்த்தால் மறுவிதைப்புக்கு. இருபத்தெட்டு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள்.

மாலை: எருதுக்கு வலது குளம்பில் வேப்பெண்ணெய். புகையிலை தீர்ந்தது.

ஆவணி 7, திங்கள்

முதல் கை நான்தான் வீச வேண்டும் என்று அம்பலம் சொல்லிவிட்டார். "எறும்பப் பாத்த கண்ணுக்குச் சொந்தக்காரன், அவன் கைராசியில ஊரு வெளங்கட்டும்." சந்தனம் வேறு. யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து நின்றேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீசினேன். பின்னாலேயே நாற்பது வீட்டுக் கைகளும்.

எல்லாருக்கும் கொஞ்சமாவது எங்கேயாவது ஒதுக்கல் இருக்கும். மேட்டுக் காட்டில் வரகும் துவரையும் கலந்து போட்டிருப்பார்கள், அல்லது இரண்டு ஆடு. மீனாயிக்கு எதுவும் இல்லை. (இனிமேல் மீ. என்று எழுதுகிறேன். இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் மீனாட்சியம்மன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளட்டும்.) கண்மாய்க் கடைமடையில் அரைக் காணி. ஒரே பானை விதை. குருவிக்களையான் நெல், மாமியார் காலத்திலிருந்து மாற்றாமல் வைத்திருப்பது. புருஷன் பர்மாவுக்குக் கப்பலேறி ஆறு வருஷம். சண்டை வந்து அங்கிருந்து நடந்தே வந்தவர்களில் அவன் இல்லை. கடிதமும் இல்லை. இரண்டு பிள்ளைகள்.

வரப்பில் போய் நின்று மெதுவாகச் சொன்னேன்: "தங்கச்சி, நீ பாதியை நிறுத்தி வையேன். ஒரு வாரம் பொறுத்துப் போடலாம்ல?"

"ஏண்ணே, எறும்பப் பாத்தவரே இப்படிச் சொல்றீங்க?"

"இல்ல… எறும்பும் சில நேரம் தப்புப் பண்ணும்."

"நல்லாச் சொன்னீக. ஊரே போடுறப்ப நான் ஒருத்தி கையக் கட்டிக்கிட்டு நின்னா, நாளைக்கி மழை வரலைன்னா யார் தலையில விழும்? 'அவ போடலை, அதான் வானம் மூடிருச்சு'ம்பாங்க. நகருங்க, கூடை இடிக்குது."

கூடை கவிழ்கிறவரை வீசினாள். காற்றில் பாதி பறந்தது. கை பழக்கமில்லை, பாவம், என்று நினைத்தேன். உழுது மூடினது மூடினதுதான். ஒரே பானை. என் ஒரு பொய்க்கு.

ஆவணி 9, புதன்

வெயில். வானம் வண்ணான் வெளுத்த மாதிரி. சோறு இறங்கவில்லை, கூழ் இறங்குகிறது. கவலைக்கும் ஒரு தாரதம்மியம் இருக்கிறது போல.

அம்பலம் வழியில் பிடித்தார். "இன்னைக்கி எறும்பு என்னப்பா சொல்லுது?" கிண்டல் இல்லை. நிஜமாகக் கேட்கிறார்.

"யோசிக்குதுங்க" என்றேன்.

ஆவணி 12, சனி

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. ஊரே தெருவில். தூறல். கணக்காக ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம். மண் வாசம் மட்டும் கிளம்பியது. நின்றுவிட்டது.

ஊரார் என் தோளைத் தட்டினார்கள். "எட்டு நாள்னுச்சு ஒங்க எறும்பு, எட்டே நாள்!" ஒருத்தர் என் வாயில் சர்க்கரை போட்டார், ரேஷன் கூப்பனில் வாங்கின சர்க்கரை. இது மழை இல்லை, முளையை எழுப்பிக் கழுத்தறுக்கிற தூறல் என்று என்னைத் தவிர யாருக்குமா தெரியாது? தெரியும். சொல்ல மாட்டார்கள். சொன்னால் நடந்துவிடும் என்று பயம்.

ஆவணி 17, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. எல்லா வயலிலும் முளை. பச்சை ஊசி மாதிரி. என் வயலிலும். பார்த்தால் ஆசையாக இருக்கிறது, உடனே வானத்தைப் பார்க்கிறேன்.

மீ. வயலில் ஒன்று கூட இல்லை. குத்தவைத்து, பிறகு மண்டியிட்டுத் தேடினேன். இந்த மாதம் என் முட்டிக்கு நல்ல வேலை. ஒரு பச்சைப் புள்ளி கிடையாது. மற்ற வயல்களில் குருவி இறங்கிக் கிளறுகிறது, விரட்ட ஆள் போட்டிருக்கிறார்கள். இவள் வயலில் குருவிகூட இறங்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. விதை மொத்தமும் வெந்து போயிருக்கும். அல்லது கடைமடையில் உவர் பூத்திருக்கும்.

அவள் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"முளைக்கலையே தங்கச்சி."

"மொளைக்கிறப்ப மொளைக்கும்ண்ணே."

என்ன தைரியம்! மனசுக்குள் அழுகிறாள் என்று நினைக்கிறேன். எனக்குத்தான் கண் கலங்கியது. தூசி என்று சொன்னேன்.

ஆவணி 19, சனி

முடிவு பண்ணினேன், சொல்லிவிடுவது என்று. ஊர்க் கூட்டம், எருவுக்கு ஆட்டுக் கிடை போடுகிற விஷயம். சிவகங்கைப் பக்கத்து ஆடுகள் வருகின்றன, எந்த வயலில் எத்தனை நாள் அடைப்பது என்று இரண்டு மணி நேரம் வாய்ச்சண்டை. ஆட்டுப் புழுக்கைக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஓய்ந்ததும் எழுந்தேன்.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கி நான் எறும்பு ஒண்ணும் பாக்கலை. பொட்டல்ல கொழிஞ்சி அறுத்துக்கிட்டு இருந்தேன். அம்பலம் வந்துட்டாங்க. பயத்துல அப்படிச் சொல்லிட்டேன்."

உடனே சிரிப்பு. ஓர் ஆள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்பலம் கண்ணைத் துடைத்தார், கரி மீசையிலிருந்து கன்னத்துக்கு வந்தது.

"சத்தியமாங்க! தழையை இந்தத் துண்டாலதான் மூடினேன்!"

"போதும்யா, வயிறு வலிக்குது. எறும்பு மாதிரி நடந்து காட்டு!"

இருபது வருஷமாக இவர்களைச் சிரிக்க வைத்ததற்கு இது கூலி. உண்மையைச் சொல்லவும் ஒரு முகம் வேண்டும், எனக்கு வாய்த்திருப்பது வேறு முகம். உட்கார்ந்துவிட்டேன். கிடை எனக்கு இரண்டு நாள் கிடைத்தது, நன்றாகச் சிரிக்க வைத்ததற்காக.

மீ. பெண்கள் பக்கம் இருந்தாள். சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

ஆவணி 22, செவ்வாய்

பொன்னமராவதிச் சந்தை. ஊர் காலி. வீட்டுக்காரியும் மண்பானை வாங்கப் போனாள். எனக்கு வயிற்று வலி என்று சொன்னேன். (இந்த மாதத்தில் ஐந்தாவது பொய். நோட்டில் எழுதாதவை தனி.)

பானை வாயில் மெழுகின சாணியை உடைத்தேன். மூன்று மரக்கால். என் நெல் நூற்றுப் பத்து நாள் குழியடிச்சான், அவள் நெல் இல்லை. ரகம் கலந்தால் கலக்கட்டும், பிள்ளைகள் வயிறு ரகம் பார்க்காது. உச்சி வெயிலில் கடைமடைக்குப் போய் அவள் அரைக் காணியில் வீசினேன். ஏர் பூட்ட முடியாது, பார்த்துவிடுவார்கள். கருவேல முள்கிளை ஒன்றை வெட்டிக் கயிறு கட்டி, மண்ணை மூட நானே எருதாகி இழுத்தேன். இரண்டு சால் சுற்றினதும் எருதின்மேல் மரியாதை வந்தது. இனி அதைத் திட்டுவதில்லை.

பாதியில் ஒரு குரல். கருப்பன், ஆடு மேய்க்கிறவன், வரப்பில் கோலை ஊன்றி நிற்கிறான்.

"என்ன மாமா, முள்ளு இழுக்குறீங்க, இங்கிட்டு?"

"பன்னி வருது. அதை வெரட்ட."

"பன்னி எங்க?"

"ஓடிருச்சு."

"முள்ளப் பாத்தா, ஒங்களப் பாத்தா?"

கயிற்றைத் தோளில் போட்டு மறுபடி இழுத்தேன். அவனும் நிற்கவில்லை.

ஆவணி 23, புதன்

சேதக் கணக்கு:
உள்ளங்காலில் முள் நாலு. மூன்று எடுத்தாயிற்று, ஒன்று தங்கிவிட்டது.
வேட்டி கிழிசல் ஒரு முழம், மறைவான இடத்தில்.
இடுப்பு: இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.
மறுவிதைப் பானை: காலி. வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. பானை வாயில் புதுச் சாணி மெழுகியிருக்கிறேன். அவள் மெழுகினது போல் வரவில்லை. விரல் ரேகை பெரிதாகத் தெரிகிறது.

கருப்பன் ஊரில் சொன்னது: "மாமா பன்னியோட பேசிக்கிட்டு இருந்தாரு." பரவாயில்லை, நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

ஆவணி 26, சனி

மோசம். முளைகள் நுனி பழுத்துவிட்டன. மத்தியானம் வயலைப் பார்த்தால் வைக்கோல் தூவினது போல். காலையில் பனியில் கொஞ்சம் நிமிர்கிறது, பத்து மணிக்குச் சாய்கிறது. என் வயலில் மேல்பாதி போனது போலத்தான். தெருவில் யாரும் என் தோளைத் தட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை.

அம்பலம் பல் தேய்க்காமல் வந்து வாசலில் நின்றார். "எறும்பு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். மீசை வெள்ளையாக இருந்தது. கரி தடவ மறந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

நாற்பது வீடு. விரல் விட்டு எண்ணினேன், பிள்ளைகள் எத்தனை என்று. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆவணி 28, திங்கள்

மழை.

காலையிலிருந்து. கனமழை. ஓட்டில் இரைச்சல், எழுதுகிற சத்தம் எனக்கே கேட்கவில்லை. நோட்டில் ஒழுகுகிறது, மை பரவினால் பரவட்டும். கண்மாய் வரத்துக் கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது என்று ஆள் ஓடி வந்து சொன்னான். அம்பலம் தெருவில் நனைந்துகொண்டு நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். நான் வெளியே போகவில்லை. மூலையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல், கொஞ்சம் அழுதேன். தூசி இல்லை இன்றைக்கு.

புரட்டாசி 4, திங்கள்

இரவெல்லாம் மழை, காலையில் வெளுத்தது. ஊர் வயல்கள் முக்கால்வாசி தேறிவிட்டன. போனது போனது, இருப்பது கால் ஊன்றிவிட்டது. மீ. வயலில் முளை வந்திருக்கிறது! அரைக் காணியும் நிறைய. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வேறு வேலையாகப் போகிறவன் போல் திரும்பினேன்.

என் வயலில் மேல்பாதி வெட்ட வெளி. மறுவிதைப்பு போட்டாக வேண்டும், இந்த ஈரம் விட்டால் இல்லை. வீட்டுக்காரி பானையைத் தூக்கினாள். தூக்கின வேகத்துக்குப் பானை தலைக்கு மேலே போய்விட்டது.

சொன்னேன். கொழிஞ்சியிலிருந்து கருவேல முள் வரை, ஒன்று விடாமல்.

திட்டுவாள் என்று காதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் ஒரு கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "போயி மீனாயிகிட்ட ரெண்டு மரக்கால் வெதை கேட்டு வாங்கிட்டு வாங்க."

"அவகிட்ட ஏதுடி?"

"போங்கங்குறேன்ல."

போனேன். மீ. முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய், வாய் மெழுகின பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நிறைந்த பானை. பிள்ளையைக் கூப்பிட்டு மரக்கால் எடுத்துவரச் சொன்னாள்.

நான் பானையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, என் வயல்ல மொளைச்சிருக்கே, அது எத்தனை நாள் நெல்லு?"

"நூத்திப் பத்து" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"குருவிக்களையான் நூத்தி நாப்பதுல்ல?"

பதில் சொல்ல ஒரு எறும்புகூட அகப்படவில்லை. அவள் மரக்காலைத் தலை தட்டாமல் கூம்பாகக் குவித்து என் கூடையில் கொட்டினாள்.

"ஊரோட சேந்து ஒரு கை வீசினது தெரிஞ்சாப் போதும்ண்ணே. அவரு பர்மா போன வருசத்துலேருந்து மொத நாளு நான் போடுறது வெறும் சாவி. நெல்லு ஒண்ணு கெடையாது, பூராம் பதரு. மதினிதான் தூத்தித் தருவாக, ஒங்க வீட்டுக் களத்துலேருந்து."